காண்டீபம் நழுவிய வேளை

குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேர் நின்றது. அப்போது தலைசிறந்த வில்லாளியின் உடல் என்ன பாடு பட்டது என்பதை பகவத்கீதையின் முதல் அத்தியாயம் ஒளிக்காமல் சொல்கிறது. அர்ஜுனனின் அங்கங்கள் தளர்ந்தன, வாய் உலர்ந்தது, மேனி நடுங்கி மயிர்க்கூச்செறிந்தது, தோல் எரிந்தது, காண்டீபம் கையை விட்டு நழுவியது. அவனது கலக்கத்துக்குக் காரணம் தோல்வி பயம் அன்று. சுற்றத்தாரைக் கொல்ல நேருமே என்ற துயரம். ஆயினும் உடல் காட்டிய அடையாளங்கள், இன்று ஓட்டப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் சிறுவனும் சதுரங்கப் பலகையின் முன் அமரும் சிறுமியும் அறிந்தவைதாம்.

இது கோழைத்தனம் அன்று. ஆபத்து என்று மனம் எண்ணியவுடன் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் அது. அளவோடு இருந்தால் துணை செய்யும், மிஞ்சினால் கெடுக்கும். தம்புராவின் தந்தி தளர்ந்தால் சுருதி சேராது. அளவுக்கு மீறி முறுக்கினால் அறுந்துவிடும். பதற்றத்தை அடியோடு ஒழிப்பது வீரர்களின் வேலை அன்று. அதைச் சுருதி சேர்ப்பதே வேலை.

இதற்குத் துப்பாக்கி சுடுதலைவிடத் தெளிவான சான்று கிடையாது. பத்து மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. இதயத் துடிப்பின் அசைவுகூடக் குறியைப் பிசகச் செய்யும். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா மூன்றாம் இடத்தில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, ஏழாம் இடத்துடன் திரும்பினார். அத்தோல்விக்குப்பின் அவர் மேற்கொண்ட பயிற்சி வெறும் குறி பார்ப்பதோடு நிற்கவில்லை. அச்சத்தை நேரில் சந்தித்துப் பழகவும் முனைந்தார். 2008-இல் பெய்ஜிங்குக்குப் புறப்படுமுன், ஏறஏற ஆடும் சுமார் நாற்பது அடி உயரக் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்றார். நடுங்கும் உடலோடும் செயல்பட முடியும் என்பதைத் தமக்கே மெய்ப்பித்துக்கொள்ளும் முயற்சி அது.

பெய்ஜிங்கின் இறுதிச் சுற்றில் அந்தப் பாடத்துக்குத் தேர்வு வந்தது. கடைசிக் குண்டுக்கு முன்னர், பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் 689.7 புள்ளிகளுடன் சமமாக நின்றனர். ஹாக்கினனின் குண்டு 9.7 பெற்றது. பிந்த்ராவின் குண்டு 10.8 பெற்றது. ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

இத்தகைய வீரர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செயல்படுவதைக் காணலாம். நிற்கும் நிலை, துப்பாக்கியைத் தோளில் வைப்பது, மூச்சை உள்ளிழுத்து மெல்ல விடுவது, குறி, விசை. பூஜை செய்வோருக்கு இது புதிதன்று. ஆசமனம், சங்கல்பம், தீபம், நைவேத்தியம் என முறை மாறாமல் செய்யும்போது அலையும் மனம் தானே ஒடுங்குகிறது. அடுத்து என்ன செய்வது என்பது முன்பே தீர்மானமாகிவிட்டால் கவலைக்கு நுழைய இடம் குறைகிறது. மூச்சுக்கும் அவ்வாறே காரணம் உண்டு. இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு தணிகிறது. நாள்தோறும் பிராணாயாமம் செய்யும் தாத்தா பேரனுக்குத் தரக்கூடிய நல்ல சீதனம் இது. ஆனால் போட்டியன்று காலையில் புதிதாகக் கற்பித்தால் பயன்படாது. பல வாரங்கள் பழகியிருக்க வேண்டும்.

ஒருமுறை சரிந்தபின் மீண்டு எழுவது அடுத்த படி. 2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில் சென்னையின் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பதினோராம் ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றவர், பன்னிரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். எஞ்சியவை இரண்டே ஆட்டங்கள். நெற்றியில் திருநீறு துலங்க, ஆட்டத்துக்குமுன் கண்மூடி அமர்ந்த அந்த இளைஞரின் படத்தை நாடே கண்டது. மனப்பயிற்சிக்கென பேடி அப்டன் என்ற பயிற்சியாளரின் துணையையும் அவர் நாடியிருந்தார். பக்தியும் பயிற்சியும் அங்கே ஒன்றுக்கொன்று தடையாகவில்லை. பதினான்காம் ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். வென்றதும் கண்ணீர் பெருக, காய்களை ஒவ்வொன்றாக அவற்றின் இடத்தில் திரும்ப அடுக்கினார்.

இனி, வீட்டிலுள்ள பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பேத்தி வென்றால் மொட்டை போடுவதாக, நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொள்வது அன்பினால்தான். ஆனால் அதை அவள் காதுபட நாலு பேரிடம் சொன்னால், அந்தப் பிரார்த்தனையும் அவள் தோளில் ஒரு சுமையாக ஏறிவிடுகிறது. தோற்றால் தாத்தாவின் வேண்டுதலும் பொய்த்துவிடுமே, சாமிக்கும் தன்னைப் பிடிக்காமல் போயிற்றோ என்று பிஞ்சு மனம் மருகும். வேண்டுதல் வேண்டுபவருக்கும் இறைவனுக்கும் இடையே இருக்கட்டும். குழந்தையிடம், "நீ பழகியதைச் செய்; மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்" என்ற ஒரு சொல் போதும். கீதை கூறும் கர்மயோகத்தின் சாரமும் அதுவே. செயலில்தான் அதிகாரம், பலன் நம் கையில் இல்லை.

தோற்று வீடு திரும்பும் குழந்தையிடம் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனையாவது இடம்?" என்பதன்று, "சாப்பிட்டாயா, கண்ணு?" என்பதே. உறக்கமும் உணவும் பல நாள்கள் கெட்டு, விளையாட்டின் பெயரைக் கேட்டாலே அஞ்சும் நிலை வந்தால், அதைத் திருஷ்டி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

கண்ணன் உபதேசம் செய்யுமுன் அர்ஜுனனின் புலம்பலை முதல் அத்தியாயத்தின் இறுதிவரை குறுக்கிடாமல் கேட்டான். போர்க்களத்தில் அவன் ஏந்தியது வில் அன்று, குதிரைகளின் கடிவாளம். பேரப்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பெரியோர் ஆடித்தர இயலாது. அவர்கள் சொல்லும் அச்சத்தைப் பொறுமையாகக் கேட்டு, அருகிருந்து தேரை நிதானமாகச் செலுத்த இயலும். அடுத்த போட்டிக்குமுன் சந்நிதியில் நிற்கும்போது, வெற்றியைக் கேட்பதோடு நில்லாமல், நடுங்காத கையையும் தோல்வியைத் தாங்கும் நெஞ்சையும் அக்குழந்தைக்காகக் கேட்போமாக.