கொட்டாப்புளி என்பது புளி அல்ல!



முழுப்பரீட்சை லீவில் மாமாவின் தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தேன். மாமா உளியைக் கட்டைமேல் வைத்தபடி, "மாப்ளே, அந்தக் கொட்டாப்புளிய எடுத்தாடா" என்றார். நான் வீட்டுக்கு ஓடிப்போய், அத்தையிடம் கொட்டை எடுத்த புளி ஓர் உருண்டை வாங்கி வந்து நீட்டினேன். பட்டறையே சிரித்தது!

கொட்டாப்புளி என்றால் உளியின் தலையில் அடிக்கிற மரச்சுத்தியாம். இரும்புச் சுத்தியால் அடித்தால் உளியின் மரப்பிடி பிளந்துவிடும். இழைப்புளியிலும் புளி இல்லை. அது இழைப்பு + உளி. பலகையைச் சீவி வழவழப்பாக்குவது. மரத்தின் நார் ஓடுகிற பக்கமாகத் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் சிலாம்பு பெயரும்.

எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பது வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறேன். அந்தப் பெஞ்சைச் செய்கிற கருவியின் பெயர் தெரியவில்லை! வகுப்பிலும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள்.

தச்சு வேலையின் அடிப்படைச் சொற்களை நாம் பள்ளியிலேயே கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

"அதெல்லாம் படிப்பு ஏறாதவனுக்கு" என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. மாமா மரத்தில் கோடு போட, சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுவார். நேர்கோடு விழும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், மரத்தின் கோணலை இந்த நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது படிக்கிற நூல் என்கிறார். மாமா நன்னூல் படித்ததில்லை. ஆனால் நூல் பிடிக்கத் தெரியும். அளவிலும் 'நூல்' உண்டு. ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.

பலா மரத்தை அறுத்தால் நடுவில் மஞ்சளாக இருப்பது வைரம். சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. வெளிற்றைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும். வள்ளுவர் 503ஆம் குறளில் அறியாமைக்கு 'வெளிறு' என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறார். நாம் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். பொருள் பட்டறையில்தான் புரிந்தது.

கணக்கும் அங்கே இருக்கிறது. சட்டத்தின் மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறிப்பார்கள். குறுக்கே 5 அடி வந்தால் அது செங்கோணம். பிதாகரஸ் தேற்றமேதான்! சின்ன வேலைக்கு மூலைமட்டம் போதும்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நம் கொல்லிமலையில் மிளகுக் கொடி ஏறவும் காப்பிக்கு நிழல் தரவும் சில்வர் ஓக் வளர்க்கிறோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. வெட்டிய மரம் லாரியில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறது. கதவும் கட்டிலும் விலை கூடி அதே வளைவுகளில் ஏறி வருகின்றன. மரம் நம்முடையது, வேலை மட்டும் ஊரான் வீட்டுடையதா? பச்சை மரத்தில் கதவு செய்தால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும் என்பதுகூடத் தெரியாவிட்டால், வாங்கும்போதும் ஏமாறுவோம், விற்கும்போதும் ஏமாறுவோம்.

எல்லாரும் தச்சராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல் தெரிந்தால் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்டால் வேலை கற்கலாம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள் நம் ஊர்த் தச்சர் ஒருவரைக் கருவிகளோடு வகுப்புக்கு அழையுங்கள். நண்பர்களே, வாரம் ஐந்து சொல் இந்தச் சுவரில் எழுதுவோம். இந்த வாரம்: உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், வைரம்.

அடுத்த ஐந்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள். புளி மட்டும் கொண்டு வந்துவிடாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவன்