எலியும் கிளியும்

நம் வகுப்பு மாணவன் ஒருவன் நட்பைப் பற்றி வரைந்த கட்டுரையில் கர்ணனை விடுத்து, ஹரி பொட்டர் கதையில் வரும் பீற்றர் பெட்டிக்ரூவைக் கொணர்ந்து நிறுத்தியிருந்தான். உயிர்நண்பனின் மறைவிடத்தைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் எலியுருவில் ஒளிந்திருந்த மந்திரவாதி அவன். ஆதலால் எவரையும் நம்பலாகாது என்று கட்டுரை முடிந்திருந்தது. நடைக்கு நல்ல புள்ளி வழங்கினோம். முடிவுக்கு வழங்க மனம் வரவில்லை.

இத்தகைய மாயக்கதை நம்மவர்க்குப் புதிதன்று. கூடு விட்டுக் கூடு பாய்ந்த விக்கிரமாதித்தனை அறியாதார் யார்? பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேருதுங்கர் என்னும் சமண ஆசிரியர் வடமொழியில் இயற்றிய பிரபந்த சிந்தாமணியிலும் அக்கதை உளது. தகுதியற்றவன் என்று குரு தடுத்தும், உடன்வந்த அந்தணனுக்கும் அவ்வித்தையைக் கற்பிக்குமாறு அரசன் வேண்டுகின்றான். பின்னர், இறந்துபட்ட பட்டத்து யானையின் உடலுள் அரசன் புக, வெற்றுடலுக்குக் காவல் நின்ற அந்தணன் அவ்வுடலுட் புகுந்து அரியணை ஏறுகின்றான். அரசன் கிளியாகின்றான்.

அரசன் பேதை என்பர் மாணவர். ஆயின் உடலை எவரிடமேனும் ஒப்படையாது கூடு பாய்வது எங்ஙனம்? நம் திருகோணமலைக் கடலிற் சுழியோடிச் சங்கெடுப்போரும் வள்ளத்தில் நிற்பவரை நம்பியன்றோ மூழ்குகின்றனர்!

மாணவன் கருதாது விட்டது வேறொன்று. பெட்டிக்ரூ செய்த துரோகத்துக்காகச் சிறையிற் கிடந்தவன் சிரியஸ் பிளாக் என்னும் மற்றொரு நண்பன். விசாரணை இன்றியே அவன் அடைக்கப்பட்டான். உண்மை நண்பர்களும் அவனையே துரோகி என நம்பினர். ஒரு துரோகத்தினுள் பிறிதொரு துரோகம் இது. கதையைப் படிப்போர் எலியையே வெறுத்துவிட்டு இதனை எளிதிற் கடந்து செல்கின்றனர்.

நாம் கடந்து செல்ல இயலாமைக்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் சிறுவராய் இருந்த நமக்குத் ‘தலையாட்டி’ என்னும் சொல் தெரியும். முகத்தை மூடிய ஒருவர் தலையசைப்பார். வரிசையில் நின்றவர் பிரித்தெடுக்கப்படுவார். முகம் தெரியாமையால் அயலார் அனைவரும் ஐயத்துக்கு உரியராயினர். எமது தந்தையாரின் நண்பர் ஒருவர் மீதும் அப்பழி வீழ்ந்தது. கண்டவர் இலர், கேட்டறிந்தவரும் இலர். அவ்வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. நாமும் அவர் மகனோடு விளையாடுவதை நிறுத்திக்கொண்டோம். போர் 2009 இல் முடிந்தது. அம்மகன் இன்றும் கடைத்தெருவில் எம்மைக் கண்டால், “சுகமோ, மாஸ்டர்?” என்கின்றார். முகங்கொடுத்துப் பேச நாமே கூசுகின்றோம்.

கூடு பாய்ந்த கதையின் பல வடிவங்களில் அரசியே பொய்யரசனை ஐயுறுகின்றாள். முகம் கணவன் முகமே, நடத்தை வேறு. அவள் நடத்தையை நோக்கினாள். நாம் ஊர்ப்பேச்சை நோக்கினோம்.

வள்ளுவர் தீ நட்பையும் கூடா நட்பையும் 82, 83 ஆம் அதிகாரங்களில் வைத்தார். அவற்றுக்கு முன்னே 81 ஆம் அதிகாரமாகப் பழைமையை வைத்தார். பழைய நண்பர்மேல் பிறர் கூறும் குற்றத்துக்குச் செவிசாயாத உரிமையை அங்கே பேசுகின்றார். பழைய மாணவர் மலரில் இதனை நினைவூட்டுதல் மிகையாகாது என எண்ணுகின்றோம். அவ்வதிகாரத்தை நாமும் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். கற்பிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுப் படலை நினைவுக்கு வருகின்றது.

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது, சிரியஸைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதி வருமாறு பணித்துள்ளோம்.