ஆசிரியருக்கு லிங்கன் எழுதாத கடிதம்

மகனின் ஆசிரியருக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதியதாக ஒரு கடிதம் நம் பள்ளிச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆசிரியர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பிலும் வலம் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை லிங்கன்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ராய் பாஸ்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1953-ல் எட்டுத் தொகுதிகளாக வந்த லிங்கன் எழுத்துகளின் திரட்டில் அது இல்லை.

'வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் லிங்கன் ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றனவே, அதில் எங்காவது இருக்காதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'லிங்கன் ஆவணங்கள்' என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அங்குள்ள சுமார் 40,000 ஆவணங்களில் பெரும்பாலானவை லிங்கன் எழுதியவை அல்ல, அவருக்கு வந்தவை. வேலை கேட்டவர்கள், மன்னிப்பு வேண்டியவர்கள், யோசனை சொன்னவர்கள், திட்டித் தீர்த்தவர்கள் என்று ஒரு நாடே அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறது.

1865-ல் லிங்கன் கொல்லப்பட்டபின் இந்தக் காகிதங்கள் மூத்த மகன் ராபர்ட்டின் வசமாயின. லிங்கனின் செயலாளர்களாக இருந்த நிக்கோலேயும் ஹேயும் இவற்றைப் பார்த்து எழுதிய வரலாறு 1890-ல் பத்துத் தொகுதிகளாக வந்தது. அச்சுக்குப் போகுமுன் அதை ராபர்ட்டும் படித்துப் பார்த்தார் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. பின்னர் அவர் காகிதங்களை நூலகத்துக்குக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: தான் இறந்து 21 ஆண்டுகள் ஆகும்வரை யாரும் திறக்கக் கூடாது. அவர் இறந்தது 1926 ஜூலை 26. காகிதங்கள் திறந்தது 1947-ல் அதே தேதியில். கொலைச் சதி பற்றிப் பெரிய ரகசியம் வெளிவரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

லிங்கனைப் பற்றிப் பிறர் சொன்னவை தனிக் கதை. அவருடன் சேர்ந்து வக்கீல் தொழில் செய்த வில்லியம் ஹெர்ண்டன், கொலைக்குப் பின் பழைய அண்டை வீட்டார், உறவினர், நண்பர் என்று தேடிப் போயும் கடிதம் எழுதியும் நினைவுகளைச் சேகரித்தார். 1835-ல் இறந்த ஆன் ரட்லெஜ் என்ற பெண்மீது லிங்கனுக்கு இருந்ததாகச் சொல்லப்படும் காதலைப் பற்றி ஊரார் ஹெர்ண்டனிடம் பேசியது முப்பது ஆண்டு கழித்து. அதற்குள் லிங்கன் தியாகியாகிவிட்டார். செத்துப்போன பெரிய மனிதரைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் மெருகு ஏறத்தான் செய்யும். அதற்காக ஹெர்ண்டனை ஒதுக்கிவிட முடியாது, லிங்கனின் இளமைக்கு வேறு சாட்சி குறைவு. சாட்சியை சாட்சியாகவே படிக்க வேண்டும், லிங்கனின் வாக்காக அல்ல.

சரி, அவர் கைப்பட எழுதியதென்றால் சந்தேகத்துக்கு இடமில்லையே? அங்கும் ஒரு சிக்கல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்ற தளபதி மீடு, தோற்ற தென்தரப்புத் தளபதி லீயின் படையைத் தப்பவிட்டார் என்று லிங்கனுக்குத் தாளாத வருத்தம். 1863 ஜூலை 14 அன்று மீடுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். போர் இனி முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போகும் என்றே எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தை மட்டும் நகலெடுத்துப் பரப்பினால், வென்ற தளபதியை ஜனாதிபதி கண்டித்தார் என்றாகிவிடும். அதை வைத்திருந்த உறையையும் பார்க்க வேண்டும். அனுப்பவில்லை, கையெழுத்தும் போடவில்லை என்று அதன்மேல் லிங்கனே குறித்து வைத்திருக்கிறார்.