எந்த மரம் என்று கேட்காதீர்கள்

வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டத்தில் 2009 முதல் ஓர் எஃகு மரம் நிற்கிறது. செய்தவர் ராக்ஸி பெய்ன். உடன் வந்த தமிழ் நண்பர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இலை இல்லை, வேர் இல்லை. நம்மைப் போலத்தான்." புலம்பெயர் கவிதைகளில் பாதி பாடும் பாட்டு அது. எனக்குச் சலித்துவிட்டது.

அந்தச் சிற்பத்தின் பெயர் 'கிராஃப்ட்', அதாவது ஒட்டு. அடிமரம் ஒன்று, அதில் இரண்டு வகைக் கிளைகள். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கோணலாகப் போகிறது, மறுபக்கம் வழவழவென்று சீராக எழுகிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களையும் கம்பிகளையும் வளைத்து வெல்டிங் செய்திருக்கிறார்.

வெல்டிங்கில் இரண்டு விளிம்புகளும் உருக வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்த சால்டரிங் வேறு. அதில் ஈயப்பற்று மட்டும் உருகும். ஒட்டப்படும் உலோகம் உருகாது. கொஞ்சம் சூடு பட்டாலே விட்டுவிடும்.

மேற்படிப்புக்கென்று வந்து இருபது வருடமாகிறது. சம்பளம் இங்கே, வீடு இங்கே. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. வேரைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவோம். நாம் செய்துகொண்டது சால்டரிங். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் உருகிக் கலந்தவர்கள். இரண்டு வகைக் கிளைகளோடும் நிற்கிறார்கள். அவர்களைப் பிடித்து "நீ எந்த மரம்?" என்று கேட்பதை நிறுத்துவோம். ஊரில் ஒட்டு மாங்கன்றை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காய்த்ததா என்றுதான் கேட்டார்கள்.