வாய்மொழிக்கு வாய்ப்பூட்டா?

தோழா!

வாசுதேவநல்லூர் சென்றிருக்கிறாயா? மேற்கே மலை, அதன் அடியிலே, பூலித்தேவன் கட்டிக் காத்த மண்கோட்டை நின்ற இடம்! 1767-இல் கர்னல் காம்பெல் பீரங்கியோடு வந்து பிடித்த கோட்டை. கோட்டை வீழ்ந்ததைக் கும்பெனியார் எழுதினர் ஏட்டிலே. ஒண்டிவீரன் வாழ்ந்ததை ஊரார் வைத்துக் காத்தனர் நாவிலே!

எதிரியின் பாசறையில், புல்லுக்குள் பதுங்கிக் கிடந்தானாம் அந்தத் தளபதி. குதிரை கட்ட அடித்த முளை அவன் கையைத் துளைத்ததாம். முனகினால் பிடிபடுவான், இழுத்தால் கை வராது. தன் கையைத் தானே வெட்டிவிட்டு எழுந்தானாம்! நடந்ததா இது என்று கேட்பார் ஏடறிந்தோர். நானும் கேட்டவன்தான். ஆனால் அருந்ததியர் குடியிலே பிறந்தவனைத் தளபதி என்று, இருநூறு ஆண்டுக்கு மேலாக மறவாமல் சொல்லிவந்த வாய் எது? அஞ்சல்தலை வந்தது 2022-இல். அதுவரை அவனுக்கு அந்த வாய்தானே அரண்!

கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த நா. வானமாமலை, அவற்றைப் புராணக் கதை, வரலாற்றுக் கதை, சமூகக் கதை என வகைப்படுத்தினார். அல்லியும் பவளக்கொடியும் முதல் வகை. அவற்றால் எவருக்கும் இடரில்லை, பந்தல் போட்டுக் கேட்டனர். கட்டபொம்மனும் கான்சாகிபும் அடுத்த வகை. மூன்றாம் வகைதான், தோழா, நெருப்பு!

நம் நெல்லைச் சீமையின் முத்துப்பட்டன் கதையைக் கேள். பார்ப்பனர் குலத்துப் பிள்ளை, சக்கிலியர் வீட்டுப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்புகிறான். பூணூலை அறுக்கிறான், செருப்புத் தைக்கிறான், மாமன் வாலப்பகடையின் மாடுகளை மீட்கப் போராடி மாள்கிறான். வில்லடித்துப் பாடினர் இதனை. பொறுக்குமா மேட்டுக்குடி? அந்தப் பெண்கள் காட்டிலே கிடைத்த பார்ப்பனக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவே என்று பின்னாளில் ஒட்டுப் போட்டனர்! கதையைத் தடுக்கவில்லை, கருவை அறுத்தனர். கூலி கொடுத்தவன் கேட்டான், பாடியவன் பாடினான். பாடியவனை நான் பழிக்கமாட்டேன். அவன் வயிறு அவனுக்குத் தெரியும்.

ஆனால் நாம்? பூலித்தேவன் ஒரு தெருவுக்கு, ஒண்டிவீரன் ஒரு தெருவுக்கு என்று, ஒரே களத்தில் நின்றவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டு, அடுத்த தெருப் பாட்டு கேட்டால் காதைப் பொத்துகிறோமே, அதுவும் அந்த ஒட்டுவேலைதானே! நாடகம் எழுதும் நானும் அரசனுக்குப் பத்துப் பக்கம் வசனம் தந்து, தளபதிக்கு இரண்டு வரி கொடுத்தவன்.

கொடை விழாவிலே வில்லிசை நடந்தால், குறிப்பேட்டோடு போ. பாட்டு முடிந்தபின் பாடியவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்வதை, திருத்தாமல் எழுது. ‘இந்த இடத்தை முன்பு வேறுவிதமாகப் பாடுவோம்’ என்று அவர் குரலைத் தாழ்த்தினால், அதையும் எழுது.