தத்துப்பூச்சிக்கு ஒரு பெயர்



நெல்வயல் வரப்பில் நடக்கையில் காலடியிலிருந்து துள்ளித் தெறிக்கும் பச்சைத் தத்துப்பூச்சியை நாம் அறிவோம். அக்குலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. அவற்றோடு மேலும் ஒன்று சேர்ந்த கதையை இத்திங்கள் கூற விழைகிறோம்.

மேற்கு உகாண்டாவில் கிபாலே என்னும் மழைக்காடு உண்டு. மாணவரை அங்குக் களப்பயிற்சிக்கு அழைத்துச் சென்றுவந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆசிரியர் ஆல்வின் ஹெல்டன், 2018-இல் ஆறரை மில்லிமீட்டர் நீளமே உடைய, உலோகம்போல் மின்னும் பூச்சியொன்றைக் கண்டெடுத்தார். பிடிப்பது எளிது, 'இது புதிது' என்று உறுதிகூறுவதே அரிது. தத்துப்பூச்சிகளுள் பல வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியின்கீழ் நோக்கி, முன்னர் அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டாலன்றி வேறுபாடு தெளியாது. (இதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை, அறிஞர்க்கு அதுவே திறவுகோல்.) இப்பூச்சியில் அவ்வுறுப்பின் ஒரு பகுதி இலை வடிவில் அமைந்திருந்தது.

ஒப்பிடுவதற்கோ, அதன் பேரினத்தில் உலகம் அறிந்திருந்த இனம் ஒன்றே. அதுவும் 1969-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கிடைத்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பேரினத்துப் பூச்சி எதுவும் எவர் கண்ணிலும் படவில்லை.

2022-இல் விளக்கவுரை வெளிவந்தது. பெயர்: பிளோகிஸ் கிபாலென்சிஸ். 'கிபாலேயைச் சார்ந்தது' என்பது பொருள். குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்கு அந்த 'என்சிஸ்' பழகிய ஒலி. உரோமைப் பத்திரங்களில் மறைமாவட்டப் பெயர்கள் பலவற்றின் ஈற்றிலும் அதுவே நிற்கிறது. விளக்கத்துக்கு அடிப்படையான பூச்சியின் உடலை மூலச்சான்றாகக் காப்பது இத்துறையின் விதி. நகலில் ஐயம் எழுந்தால் நாம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறப்பதுபோல், பின்வருவோர் அதனை எடுத்துப் பார்ப்பர்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். நம் வயலையே கேளுங்கள். ஒன்றுபோல் தோன்றும் பச்சைத் தத்துப்பூச்சி இனங்கள் பலவுண்டு. துங்ரோ நோயைப் பரப்பும் ஆற்றல் அவை எல்லாவற்றுக்கும் ஒரேயளவில் இல்லை. எது எதுவென்று பிரித்தறியாதவன் எதிரியை அறியாமல் மருந்து தெளிக்கிறான்.

கிபாலேப் பூச்சி எவர் பயிருக்கும் எதிரியாக அறியப்படவில்லை. அதன் வாழ்க்கைமுறை பற்றி 2022-இலும் அநேகமாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அக்காட்டின் எல்லைக்கு வெளியே தேயிலைத் தோட்டங்களும் விளைநிலங்களும் சூழ்ந்துள்ளன. அங்கிருந்த மரங்கள் வெட்டப்பட்டபோது பெயரில்லாமலே மறைந்த பூச்சிகள் எத்தனை என்று எந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது?