கக்கூஸ் குழி சொன்ன சாட்சி

நியூயார்க் நகரத்தில் "ஃபைவ் பாயின்ட்ஸ்" என்று ஒரு பேட்டை இருந்தது. தெருக்கள் கூடும் இடத்தில் ஐந்து முக்கு இருந்ததால் அந்தப் பெயர். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே படுமோசமான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் கை காட்டுவார்கள்.

அங்கே முதலில் ஒரு குளம் இருந்தது. தோல் பதனிடுகிறவர்கள் அதை நாறடித்தார்கள். பிறகு குளத்தைத் தூர்த்து, அந்த ஈர மண் மேலேயே வீடு கட்டினார்கள். வசதி உள்ளவன் அங்கே இருப்பானா? கிளம்பிவிட்டான். ஏழைகள் வந்தார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள், ஜெர்மானியர், யூதர், கறுப்பர் என்று எல்லோருக்கும் ஒண்டுக்குடித்தனம்தான்.

1842-ல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்காவுக்கு வந்தார். ராத்திரியில் போலீஸ் துணையோடு இந்தப் பேட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அழுக்கு, குடி, பன்றி என்று எழுதித் தள்ளினார். பத்திரிகைக்காரர்களும் விடவில்லை. (நம்ம ஜாதிக்காரர்கள்தான், என்ன செய்வது!) பிறகு புத்தகம் வந்தது. 2002-ல் சினிமாவும் வந்தது. கத்தியும் ரத்தமும்தான் ஃபைவ் பாயின்ட்ஸ் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது.

அங்கே குடியிருந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை.

கேட்காமலே பதில் வந்தது. 1991-ல் அந்த இடத்தில் ஒரு பெரிய கோர்ட் கட்டிடம் கட்ட மண்ணைத் தோண்டினார்கள். அரசாங்கக் கட்டிடம் என்றால், முதலில் பழைய சின்னம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1966-லேயே அதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பார்த்தால், பழைய வீடுகளின் கொல்லைப் பக்கம் வரிசையாகக் கக்கூஸ் குழிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்!

சாக்கடைக் குழாய் வந்த பிறகு குழிக்கு வேலை இல்லை. அதனால் உடைந்தது, ஓட்டையானது எல்லாவற்றையும் அதில் வீசி மூடியிருக்கிறார்கள். கிடைத்தவை 8 லட்சத்து 50 ஆயிரம் பொருள்கள்.

என்ன கிடைத்தது? கத்தி, துப்பாக்கி என்று நினைப்பீர்கள். வந்தது டீ செட்! இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைகளில் செய்த கோப்பை, சாசர், தட்டு. நீலப் படம் அச்சிட்டது, பட்டை பட்டையாக வார்த்த வெள்ளைப் பீங்கான் என்று தினுசு தினுசாக. அலமாரியில் வைக்கும் பொம்மை, பூந்தொட்டி. தையல்காரர் வீட்டுக் குழியில் ஊசியும் பொத்தானும். பீங்கானின் அடியில் பட்டறைக்காரன் முத்திரை இருக்கும். அதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம். எந்த வீட்டில் யார் குடியிருந்தார் என்பது அரசாங்கக் கணக்கெடுப்பில் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் இது இன்ன குடும்பத்துச் சாமான் என்று தெரிந்துபோகும். ஆய்வுக்குத் தலைமை வகித்த ரெபெக்கா யாமின் அம்மையாரின் குழு அதைத்தான் செய்தது.

ஒரு கோப்பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஃபாதர் மாத்யூ என்ற ஐரிஷ் பாதிரியாரின் படம். "இனி குடிக்க மாட்டேன்" என்று லட்சக்கணக்கான ஜனங்களைச் சத்தியம் செய்ய வைத்தவர் அவர். குடிகாரப் பேட்டை என்று ஊரெல்லாம் ஏசிய இடத்தில், மதுவிலக்குச் சாமியாரின் கோப்பையை ஆசையாக வாங்கி டீ குடித்திருக்கிறார்கள்!

அதற்காக எல்லோரும் உத்தமர் என்று நாம் வாதாட வரவில்லை. ஒரு விபசார விடுதியின் குழியும் அகப்பட்டது. அதில் சீனத்துப் பீங்கானும் இருந்தது; பிறந்த சிசுக்களின் எலும்பும் இருந்தது. நெஞ்சு பதைக்கிறது. ஆனால் ஒரு குழியை வைத்துப் பேட்டை முழுவதற்கும் தீர்ப்பு எழுதலாமா? மாசக் கூலியில் மிச்சம் பிடித்து நாலு கோப்பை வாங்கிய குடும்பம் எந்தக் கணக்கில் சேரும்?

இனி வருவதுதான் வயிற்றெரிச்சல். இந்தச் சாமான்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, உலக வர்த்தக மையத்தின் 6-ம் எண் கட்டிடத்து அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று வடக்குக் கோபுரம் சரிந்து அந்தக் கட்டிடத்தின் மேலேயே விழுந்தது. ஏறக்குறைய 3 ஆயிரம் உயிர் போன நாளில் பீங்கான் சில்லுக்கா அழுவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். உயிருக்கு முன்னால் கோப்பை பெரிதல்ல. ஆனாலும் தங்கள் தரப்பைச் சொல்ல அந்த ஏழைகளுக்கு இருந்தது இந்தச் சில்லுகள் மட்டும்தானே!

8 லட்சத்து 50 ஆயிரத்தில் மிஞ்சியவை 18. ஆமாம், வெறும் பதினெட்டு.

அந்தப் பதினெட்டும் எப்படிப் பிழைத்தன? கண்காட்சிக்காக நியூயார்க் கத்தோலிக்கப் பேராயத்துக்கு இரவல் போயிருந்தன. வெளியே போய் ஜனங்கள் கண்ணில் பட்டது தப்பியது. பத்திரம் என்று பூட்டி வைத்தது பொடியானது. அறிக்கை எழுதி முடித்திருந்ததால் விவரமாவது மிஞ்சியது.

தோண்டி எடுத்ததை ஒரே கிடங்கில் அடைத்துச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்ளும் துறை எந்த ஊரில் இருந்தாலும் சொல்கிறோம்: அறிக்கையைச் சுருக்க அச்சடியுங்கள். படம் எடுத்து நாலு இடத்தில் வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் இரவல் கொடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் கோப்பையை யார் பார்க்கிறார்கள்? எலிதான் பார்க்கும்.

ஃபாதர் மாத்யூ கோப்பை இரவல் போன பதினெட்டில் ஒன்று. அதனால் இன்றைக்கும் இருக்கிறது.